சுமை குறைக்கும் சொல்

கடல் கடந்து வரும் பண்டங்களைப் போலவே சொற்களும் நாடு விட்டு நாடு வருவதுண்டு. அவ்வாறு ஆங்கிலத்தினின்று வந்து, தமிழ்நாட்டு வீதிகளிலும் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் நாள்தோறும் வழங்கிவரும் சொற்களுள் ‘ரிலீப்’ என்பதும் ஒன்று. தேர்வு முடித்து வெளியே வரும் மாணவன், “இப்பொழுதுதான் ரிலீப்பாக இருக்கிறது” என்கிறான். தலைவலிக்கு மாத்திரை உண்ட முதியவர், “சற்றே ரிலீப் தெரிகிறது” என்கிறார். இரவு முழுதும் காவல் காத்தவர், விடியற்காலையில் தம்மை விடுவிக்க வரும் ‘ரிலீவரை’ எதிர்நோக்கி நிற்கிறார். வெள்ளத்தில் வீடிழந்தோர், ‘ரிலீப்’ எப்பொழுது வரும் என்று வழிமேல் விழி வைத்திருக்கின்றனர். நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்கு ‘ரிலீப்’ வேண்டுகிறார். சிற்பக் கலையைப் பற்றிய நூல்களிலும் நிலநூலிலும் இதே சொல் வருகின்றது. அங்கே துன்பத்திற்கும் இச்சொல்லுக்கும் யாதொரு தொடர்பும் இல்லாதது போலத் தோன்றுகின்றது.

ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் எவ்வாறு அமைந்தது? இவற்றையெல்லாம் ஒன்றாகப் பிணைக்கும் கயிறு எது? ஒவ்வோரிடத்திலும் இதற்கு நேராக நாம் வழங்கத்தக்க தமிழ்ச் சொல் யாது? இவற்றை ஆராய்வது வெறும் சொல் விளையாட்டு அன்று. இச்சொல்லின் பொருளைச் சிலர் சுருக்கிக் கொண்டமையால் எண்ணற்ற ஏழை மக்கள் வாடிய காலமும் நம் நாட்டு வரலாற்றில் உண்டு.

‘ரிலீப்’ என்பதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அம்மொழியில் ‘லெவிஸ்’ என்றால் இலேசானது என்று பொருள். அதனடியாகப் பிறந்த ‘லெவாரே’ என்னும் வினைச்சொல், இலேசாக்குதல், உயர்த்துதல் ஆகிய இரு பொருளையும் தரும். இலேசான பொருள் மேலெழும் அன்றோ? ஆதலின் இலேசாக்குதலும் உயர்த்துதலும் ஒரே சொல்லில் அடங்கின. பெரும்பாறையையும் பெயர்த்து உயர்த்தும் நெம்புகோலுக்கு ஆங்கிலத்தில் ‘லீவர்’ என்று பெயர். அதுவும் இவ்வேரில் முளைத்த சொல்லே. ‘லெவாரே’ என்பதன் முன்னே, ‘மீண்டும்’ என்னும் பொருளுடைய ‘ரெ’ சேர்ந்து ‘ரெலெவாரே’ ஆயிற்று. மீண்டும் உயர்த்துதல், பாரத்தைக் குறைத்தல் என்பன அதன் பொருள். பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக 14ஆம் நூற்றாண்டளவில் அச்சொல் ஆங்கிலத்தை அடைந்து ‘ரிலீப்’ என நின்றது.

ஆகவே, இச்சொல்லுக்குக் கிளைகள் இரண்டு. உயர்ந்து தோன்றுதல் ஒரு கிளை. பாரம் குறைதல் மற்றொரு கிளை. முதற் கிளையைக் கண்ணாற் காணத் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்குச் செல்வோம்.

சமவெளியின் நடுவே ஏறத்தாழ 83 மீட்டர் உயரத்திற்கு ஓங்கி நிற்பது அக்குன்று. அதன்மீது ஏறும் வழியில், 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உள்ளது. அதன் சுவரிலே கங்காதரர் வடிவம் செதுக்கப்பட்டிருக்கின்றது. வானினின்று பாய்ந்து வரும் கங்கையைச் சிவபெருமான் தம் சடைக்கற்றையை நீட்டி ஏற்கும் காட்சி அது. அவ்வுருவம் பாறையினின்று முற்றும் பிரிந்து தனியே நிற்கவில்லை. பின்புறம் பாறையோடு ஒட்டியிருக்க, முன்புறம் மட்டும் புடைத்து எழுந்து நிற்கின்றது. இவ்வாறு தளத்தினின்று உயர்ந்து தோன்றும் சிற்பத்தையே ஆங்கிலத்தில் ‘ரிலீப்’ என்பர். தமிழில் அதனைப் புடைப்புச் சிற்பம் என்கிறோம். எப்புறமும் சுற்றி வந்து காணத்தக்கது முழு உருவச் சிற்பம். மாமல்லபுரத்தில் இரு பெரும் பாறைகளின்மேல் ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்திற்கு விரிந்து கிடக்கும் காட்சி, உலகம் வியக்கும் புடைப்புச் சிற்பங்களுள் ஒன்று.

கங்காதரர் கதையை நினைத்துப் பார்ப்போர்க்கு இங்கே ஒரு நயம் புலப்படும். கங்கை நேரே மண்ணில் விழுந்தால் அதன் வேகத்தை நிலமகள் தாங்காள் என்பதனாலன்றோ இறைவன் சடையில் அதனை ஏற்றார் என்று கதை கூறுகின்றது? நிலத்தின்மேல் விழவிருந்த பாரத்தைத் தாம் வாங்கிக் கொண்டார். எனவே, வடிவத்தால் ‘ரிலீப்’ ஆகிய அச்சிற்பம், கதையாலும் ‘ரிலீப்’ என்பதன் மற்றொரு பொருளைச் சொல்லி நிற்கின்றது.

நிலநூலிலும் இம்முதற் பொருளே வழங்கும். ஒரு நாட்டின் மலைகள், பீடபூமிகள், பள்ளத்தாக்குகள், சமவெளிகள் ஆகிய மேடுபள்ள அமைப்பை ஆங்கிலத்தில் ‘ரிலீப்’ என்பர். தமிழில் நிலத்தோற்றம் எனலாம். தட்டையான தாளில் உயரத்தைக் காட்டுவது எங்ஙனம்? ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துக் கோடுகள் வரைவர். அவை சம உயரக்கோடுகள் எனப்படும். கோடுகள் நெருங்கி அமைந்த இடம் செங்குத்தானது. விலகி அமைந்த இடம் சரிவு குறைந்தது. திருச்சிராப்பள்ளியின் சமவெளியில் அரிதாகச் செல்லும் கோடுகள், மலைக்கோட்டையை அணுகியவுடன் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். ஈய எழுத்துகளில் மை தடவி நூல் அச்சிட்ட பழைய முறைக்கும் இச்சொல்லே பெயர். எழுத்து மட்டும் புடைத்து நிற்றலால் மை அதன்மேல் மட்டும் பற்றும். நம் கையிலுள்ள நாணயத்தின் முத்திரையும், பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தும் புடைப்பின் பயனே.

இனி இரண்டாவது கிளையைக் காண்போம். பாரம் குறைதல் என்பதே அதன் கருத்து. இதனைச் சொல்லத் தமிழில் சொல் இல்லையோ என்று எவரும் ஐயுற வேண்டுவதில்லை. எதிர்பார்த்திருந்த தீங்கு நேராது போயிற்று என்று கேட்டவுடன் நம் வாயினின்று எழும் ‘அப்பாடா’ என்னும் ஒலியே இதன் முதற் சொல். “நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிற்று” என்கிறோம். “இப்பொழுதுதான் மூச்சு வந்தது” என்கிறோம். பிள்ளை நலமாக ஊர் சேர்ந்தான் என்ற செய்தி கேட்ட தாய், “வயிற்றில் பால் வார்த்தாய்” என்று செய்தி சொன்னவனை வாழ்த்துகின்றாள். ஆங்கிலம் உயர்த்துதலை நினைக்கின்றது. தமிழோ இறக்குதலை நினைக்கின்றது. பாரம் தலையினின்று இறங்க, குனிந்த தலை தானே நிமிரும். ஒரே நிகழ்ச்சியை ஒரு மொழி மேலிருந்தும் மற்றொரு மொழி கீழிருந்தும் நோக்கிற்று என்க.

தலைச்சுமையோடு நெடுவழி நடந்த நம் முன்னோர் இக்கருத்துக்குக் கல்லிலேயே ஒரு வடிவம் கொடுத்தனர். அதுவே சுமைதாங்கி. இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி, சாலையோரங்களில் அதனை அமைத்தனர். பிள்ளைப்பேற்றுக்கு முன்னரே கருவோடு இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. தன் சுமையை இறக்காமலே மறைந்தவளின் பெயரால், பிறர் சுமை இறங்கட்டும் என்று எண்ணிய உள்ளம் எத்துணைக் கனிவுடையது! சுமைதாங்கியின் சிறப்பு அதன் உயரத்தில் இருக்கின்றது. சுமையைத் தரையில் இறக்கினால், அதனைத் தலைக்குத் தூக்கிவிட மற்றொருவர் வேண்டும். சுமைதாங்கியோ நிற்பவனின் தோளளவு உயர்ந்திருப்பதனால், வழிப்போக்கன் யாருடைய உதவியும் இன்றிச் சுமையை இறக்கலாம். இளைப்பாறியபின் யாருடைய உதவியும் இன்றித் தானே அதனை ஏற்றிக்கொண்டு நடக்கலாம். உண்மையான ‘ரிலீப்’ யாது என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் காண்டல் அரிது. அது சுமையை என்றென்றைக்கும் நீக்கிவிடுவது அன்று. மீண்டும் எழுந்து நடக்கும் வலிமையை மனிதனுக்குத் தருவது.

இவ்வேறுபாட்டை மருத்துவத்தில் தெளிவாகக் காணலாம். வலி நீக்கும் மருந்து வலியைத் தணிக்கும். நோயின் காரணத்தை அது அகற்றிவிட்டது என்று கூற முடியாது. ஆகவே, நோயைப் பற்றிப் பேசுமிடத்து ‘ரிலீப்’ என்பதற்குத் தணிவு என்பதே பொருந்தும் சொல். குணம் என்பது பொருந்தாது. காய்ச்சல் தணிந்தது என்பது வேறு. காய்ச்சல் நீங்கிக் குணமாயிற்று என்பது வேறு. இன்று பரவலாக வழங்கும் ‘நிவாரணம்’ என்பது வடசொல். நீக்குதல், விலக்குதல், தடுத்தல் என்பன அதன் பொருள். எனவே, ஆங்கிலச் சொல் தருவதைவிடச் சற்று மிகுதியான உறுதியை அது தருகின்றது எனலாம். மனத் துன்பத்தில் ஆறுதல் என்றும், அச்சம் நீங்கியபோது நிம்மதி என்றும் வழங்குவதே இனிமை.

நீரைப் பற்றிய வழக்கிலும் இச்சொல் உண்டு. மிகுதியான நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும் கால்வாயையும், கொதிகலத்தில் மிகுந்த நீராவியைப் போக்கும் அடைப்பையும் பொறியியலார் இச்சொல்லாலேயே குறிப்பர். தமிழர்க்கு இது புதிய செய்தி அன்று. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரி என்னும் பெயரோடே செல்ல, வடகிளை கொள்ளிடம் என்று பெயர் பெறுகின்றது. இரண்டிற்கும் இடையே திருவரங்கத் தீவு உள்ளது. வெள்ளக் காலத்தில் காவிரி தாங்கமாட்டாத நீரைக் கொள்ளும் இடமாதலின் கொள்ளிடம் எனப்பட்டது என்று மக்கள் கூறுவர்.

ஆயின், வடிகாலும் அளவோடு இருத்தல் வேண்டும். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருந்தமையால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிக்குச் செல்ல வேண்டிய நீரும் அதன் வழியே ஓடலாயிற்று. தஞ்சை வயல்கள் நீர் குறைந்து வாடின. அதனைத் தடுக்கவே ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836ஆம் ஆண்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டுவித்தார். 2018 ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு அவ்வணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. பின்னர் அங்கே புதிய கதவணை எழுந்தது. மிகையை மட்டும் போக்கி, வேண்டுவதைக் காத்து நிற்பதே நல்ல வடிகால்.

ஆற்றுப் பாய்ச்சல் இல்லாத ஊர்களிலும் இவ்வறிவு இருந்தது. திருச்சிராப்பள்ளிக்குத் தென்மேற்கே, மதுரைக்குச் செல்லும் வழிப்பக்கத்தில் உள்ளது மருங்காபுரி. காவிரிக் கரையின் பசுமையை அங்கே காண முடியாது. கரடுகளும் மானாவாரிப் புஞ்சைகளும் நிறைந்த நிலம் அது. ஏரியும் குளமும் கிணறுமே அங்குள்ள உழவர்க்குத் துணை. இத்தகைய ஊர்களின் ஏரிக்கரையில் கலிங்கு என்னும் கல்லணை ஒன்று இருக்கும். ஏரி நிரம்பியபின் வரும் நீர் கலிங்கின் வழியே வழிந்தோடி, கீழுள்ள குளத்தை அடையும். கலிங்கு இல்லையேல் கரை உடையும். கலிங்கு தாழ்ந்திருந்தால் ஏரியில் நீர் நில்லாது. அதன் உயரத்தை அறிந்து அமைத்தவனே ஊரைக் காத்தவன்.

இனி, பணியிடத்திலும் நீதிமன்றத்திலும் இச்சொல் பெறும் பொருளைக் காண்போம். ஒருவர் பார்த்த வேலையை மற்றொருவர் ஏற்று அவரை அனுப்புவது பணிவிடுவிப்பு. இரயில்வேயிலும் காவல் துறையிலும் மருத்துவமனையிலும் இது நாள்தோறும் நிகழ்கின்றது. மாற்றாள் வாராதவரை முதல் ஆள் இடம் விட்டு அகலாமையே இதன் அறம்.

நீதிமன்றத்தில், தீங்குற்றவர் வேண்டிப் பெறும் தீர்வுக்கு ‘ரிலீப்’ என்று பெயர். தமிழில் பரிகாரம் என்பர். 1877ஆம் ஆண்டில் இந்தியாவில் இது குறித்து ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1963ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இழந்த பொருளுக்கு ஈடாகப் பணம் தருவதோடு அமையாமல், உரிய இடங்களில் அப்பொருளையே மீட்டுத் தரவும், ஒப்புக்கொண்ட செயலையே செய்விக்கவும் நீதிமன்றத்திற்கு அச்சட்டம் வழி வகுத்தது. விழுந்ததைப் பழைய நிலைக்கு உயர்த்துதல் என்னும் வேர்ப்பொருள் இங்கே விளங்குகின்றது. நீதிமன்ற மொழியைத் தமிழாக்க முற்பட்டோருள் மாயூரம் வேதநாயகம் பிள்ளை முதன்மையானவர். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டில் பிறந்து, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, பின்னர் முன்சீபு ஆன அவர், உயர்ந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என 1862ஆம் ஆண்டில் வெளியிட்டார். தமக்குரிய பரிகாரம் யாது என்பதை மக்கள் தம் மொழியிலேயே அறிதல் வேண்டும் என்பதற்கு அது ஒரு தொடக்கம்.

‘ரிலீப்’ என்னும் சொல் பாரத்தையே குறித்த விந்தையும் உண்டு. நிலப்பிரபு முறை நிலவிய இங்கிலாந்தில், ஒருவர் இறந்தபின் அவருடைய நிலத்தை மீண்டும் எடுத்துக்கொள்ள, வாரிசு தன் தலைவனுக்கு ஒரு தொகை செலுத்த வேண்டியிருந்தது. அத்தொகைக்கும் அதுவே பெயர்! மன்னர் அதனை மனம்போனபடி உயர்த்தியமையால் பிரபுக்கள் வெகுண்டனர். 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா என்னும் உரிமைப் பட்டயம், பெரும்பிரபுவின் வாரிசு செலுத்த வேண்டியது 100 பவுன் என்று வரையறுத்தது. பெயர் இனிதாக இருப்பதனாலேயே செயலும் இனிதாக இருக்கும் என்று நம்பலாகாது என்பதற்கு இது சான்று.

நம் உழவர்க்கு இச்சொல் நல்ல பொருளிலேயே வந்தது. மருங்காபுரி, ஜமீன் ஆட்சியில் இருந்த ஊர்களுள் ஒன்று. மழை பொய்த்த ஆண்டில் வாரமும் வட்டியும் புஞ்சை உழவனை அழுத்துதல் எங்கும் உள்ளதே. இராஜாஜி தலைமையில் அமைந்த சென்னை மாகாண அமைச்சரவை 1938ஆம் ஆண்டில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. 1932 அக்டோபர் 1ஆம் நாளுக்கு முன் உழவர் வாங்கிய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நிலுவையாய் நின்ற வட்டியை அச்சட்டம் தள்ளுபடி செய்தது. அசலும் வட்டியுமாக அசலைப்போல் இருமடங்கு முன்னரே செலுத்தியிருந்தால், கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. 100 ரூபாய் வாங்கி 200 ரூபாய் கட்டியவன் தலைநிமிர்ந்தான். பத்தாண்டு கழித்து, 1948ஆம் ஆண்டின் சட்டம் ஜமீன் முறையையே ஒழித்தது. முன்னது சுமையைக் குறைத்தது. பின்னது சுமை வந்த வழியை அடைத்தது. தணிவுக்கும் தீர்வுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்து உணரலாம்.

இச்சொல்லின் பொருள் உயிர்ப் பிரச்சினையாக மாறிய நாட்களை இனி நோக்குவோம். 1876ஆம் ஆண்டில் தென்னாட்டில் மழை பொய்த்தது. அதனைத் தொடர்ந்து 1878 வரை நீடித்த கொடும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லக் கேட்டிருப்போம். இந்தியாவில் அதற்கு இரையானோர் தொகை 50 இலட்சத்திற்கும் மேல் என்று கணக்கிடுவர். வேதநாயகம் பிள்ளை முதலிய ஈர நெஞ்சினர் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தனர். அரசினர் ‘ரிலீப்’ வேலைகளைத் தொடங்கினர். கல் உடைத்தும் மண் சுமந்தும் வருவோர்க்குக் கூலியாக உணவு கிடைத்தது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி, அவ்வாறு பசித்த கைகள் வெட்டியதேயாகும். அப்பொழுது ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகன் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்படுகின்றது.

எவ்வளவு உணவு கொடுப்பது என்னும் வினா அப்பொழுது எழுந்தது. வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவர், செலவைச் சுருக்கக் கருதி, 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாள் ஒன்றுக்கு 1 பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று வரையறுத்தார். 1 பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுதும் கல் உடைக்கும் ஆண்மகனுக்கு அதுவே அளவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் இதனை மறுத்தார். சும்மா இருப்பவன் உயிரோடிருக்க அது உதவலாம். உழைப்பவன் உடல் அதனால் நாளுக்கு நாள் தேயும் என்றும், 1½ பவுண்டு தானியமும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றும் அவர் வாதாடினார். முகாம்களில் மக்கள் மெலிந்து மடிவதைக் கண்டபின், அவ்வாண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் சில திங்கள் கழிந்துவிட்டன.

அவ்விருவரும் வழங்கியது ‘ரிலீப்’ என்னும் ஒரே சொல்லைத்தான். ஒருவர் அதற்கு, உயிரைப் பிடித்து வைத்தல் என்று பொருள் கொண்டார். மற்றவர், விழுந்தவனை எழுப்பி நிறுத்துதல் என்று பொருள் கொண்டார். டெம்பிள் நாட்டியதும் ஒரு சுமைதாங்கியே. ஆயின் அதன் உயரம் போதாது. அதில் சுமையை இறக்கியவன் மீண்டும் எழ முடியவில்லை.

அப்பஞ்சம் கற்பித்த பாடம் வீண்போகவில்லை. 1880ஆம் ஆண்டில் பஞ்ச ஆணைக்குழு தன் அறிக்கையைத் தந்தது. அதன் பயனாக 1883 முதல் பஞ்சக்கால விதித்தொகுப்புகள் தோன்றின. நாடு விடுதலை பெற்றபின், பாகிஸ்தானினின்று வீடிழந்து வந்தோர்க்கு உதவுவதற்காக 1948 ஜனவரியில் நேரு விடுத்த வேண்டுகோளால் பிரதம மந்திரி தேசிய நிவாரண நிதி பிறந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி நம் கடற்கரையைத் தாக்கியது. அதற்கு அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டம், நிவாரண முகாமில் உறைவிடம், உணவு, குடிநீர், மருத்துவம், துப்புரவு ஆகியவை குறைந்த அளவில் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை வரையறுக்கப் பணிக்கின்றது; கைம்பெண்டிர்க்கும் பெற்றோரை இழந்த குழந்தைகட்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்கின்றது; இழந்த பிழைப்பை மீண்டும் அமைத்துக்கொள்ள உதவியளித்தலையும் சேர்த்துச் சொல்கின்றது. ‘மீண்டும் உயர்த்துதல்’ என்னும் பழைய வேர்ப்பொருள் ஒருவாறு சட்டத்தில் இடம்பெற்றது எனலாம்.

எனவே, ‘ரிலீப்’ என்னும் சொல்லைத் தமிழில் சொல்ல விழைவோர், அழுத்தும் பாரம் எது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்லிலே புடைப்பு, நிலப்படத்திலே நிலத்தோற்றம், நோயிலே தணிவு, மனத்திலே ஆறுதல், ஆற்றிலே வடிகால், ஏரியிலே கலிங்கு, பணியிலே விடுவிப்பு, வழக்கிலே பரிகாரம், வட்டியிலும் வரியிலும் தள்ளுபடி, பஞ்சத்திலும் வெள்ளத்திலும் நிவாரணம் அல்லது துயர்தணிப்பு. ஆங்கிலத்தில் ஒரு சொல் செய்யும் வேலையைத் தமிழில் பல சொற்கள் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுள் இடத்திற்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பவன் மொழியை மட்டுமன்றிப் பொருளையும் அறிந்தவன் ஆவான்.

சொல்லைக் கற்றதோடு நம் கடமை முடிந்துவிடாது. வெள்ளத்திலோ வறட்சியிலோ வாடுவோர்க்கு ஒரு பிடி அரிசியும் ஒரு துணியும் கொடுத்துவிட்டு, “உதவினோம்” என்று நாம் மகிழும் வேளையிலே, பெற்றவர் மீண்டும் எழுந்து நடக்க அவ்வுதவி போதுமா என்று கேட்டுப் பார்த்தல் நன்று. விழுந்தவர் எழுந்து, தம் சுமையைத் தாமே சுமந்து, நிமிர்ந்து நடக்கும் நாளில்தான் அச்சொல்லின் பொருள் நிறைவேறும்.